பத்து சென்டிமீட்டருக்குக் குறைந்தால் கணக்கில் இல்லை

போரூரிலிருந்து பூந்தமல்லி போகும் சாலையில் மெட்ரோ தூண்கள் எழும்புவதற்கு முன்னால், ஆங்காங்கே மூன்று இரும்புக் கால்களை விரித்துக்கொண்டு சின்னதாக ஒரு துளையிடும் இயந்திரம் நின்றிருக்கும். பக்கத்தில் ஒரு டீசல் மோட்டார், ஒரு ட்ரம் தண்ணீர், சேறு அப்பிய உடையோடு இரண்டு மூன்று பேர். ஆழ்துளைக் கிணறு போடும் லாரியின் ஆர்ப்பாட்டம் எதுவும் இருக்காது. புழுதி பறக்காது, காது அடைக்காது. நாள் முழுக்க உழைத்து அவர்கள் மேலே கொண்டுவருவது மணிக்கட்டுப் பருமனில் சில கல் உருளைகள். அவற்றை மரப்பெட்டியில் வரிசையாக அடுக்கி, ஆழத்தைப் பெயின்ட்டால் எழுதி, போட்டோ எடுத்து மூடிவிடுவார்கள்.

இந்தப் பெட்டிக்கு ‘கோர் பாக்ஸ்’ என்று பெயர். கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி பைபாஸ் வரை 26.1 கிலோமீட்டர் நீளும் சென்னை மெட்ரோவின் நான்காம் வழித்தடம், கிழக்கே சுரங்கமாகவும் கோடம்பாக்கத்துக்கு மேற்கே தூண்களின் மேலும் போகிறது. சுரங்கம் குடையும் இயந்திரத்தின் வெட்டும் சக்கரங்கள் எவ்வளவு சீக்கிரம் தேயும், தூணைத் தாங்கும் கான்கிரீட் பைலை எந்த ஆழத்தில் நிறுத்தலாம், நிறுத்திய பிறகு அது எத்தனை மில்லிமீட்டர் அமிழும் என்ற கேள்விகள் எல்லாம் முதலில் வந்து நிற்கும் இடம் அந்த மரப்பெட்டி. பெட்டியில் கிடக்கும் துண்டுகளை ஒரு சாதாரண டேப்பால் அளந்து ஓர் எண்ணைக் கண்டுபிடிக்கிறார்கள். பள்ளிக்கூடத்துக் கூட்டலும் வகுத்தலும் தெரிந்தால் போதும், யாரும் கண்டுபிடித்துவிடலாம். பூமிக்கடியில் யாரும் பார்த்திராத பாறையின் வலுவை அந்த எண்ணை வைத்து ஊகிக்கிறார்கள்.

சென்னைக்கு மேற்கே நிலத்தடி ஒரே சீராக இல்லை. பரங்கிமலை, பல்லாவரம் குன்றுகளில் தலைகாட்டுகிற கருங்கல்லுக்குச் சார்னோகைட் என்று பெயர். அந்தப் பெயரை 1893-ல் வைத்தவர் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த தாமஸ் ஹாலண்ட். கல்கத்தாவைத் தோற்றுவித்தவராகச் சொல்லப்பட்டுவந்த ஜாப் சார்னாக்கின் கல்லறையில் பதித்திருக்கும் கல்லும் சென்னைப் பக்கத்துக் குன்றுகளின் கல்லும் ஒரே இனம் என்று கண்டு அந்தப் பெயரைச் சூட்டினார். ஆக, நம்மூர்க் கல்லுக்குக் கல்கத்தாக்காரர் பெயர். சுமார் 250 கோடி ஆண்டுப் பழைய கல் இது. பூந்தமல்லிக்குத் தெற்கே மாங்காட்டுக்கும் குன்றத்தூருக்கும் இடையில் சிக்கராயபுரத்தில் ஜல்லிக்காக வெட்டி, பிறகு கைவிட்ட பள்ளங்களில் இதைப் பார்க்கலாம். 2017 வறட்சியில் அந்தப் பள்ளங்களில் தேங்கியிருந்த தண்ணீரைக் குழாய் போட்டுச் செம்பரம்பாக்கத்துக்குக் கொண்டுபோய்ச் சுத்திகரித்துத்தான் நகரத்துக்குக் கொடுத்தார்கள்.

வடக்கேயும் மேற்கேயும் நகர்ந்தால் கதை மாறுகிறது. ஆவடி, பூந்தமல்லி, ஸ்ரீபெரும்புதூர் பக்கங்களில் செம்மண்ணுக்கும் கூவம் கொண்டுவந்து சேர்த்த வண்டலுக்கும் அடியில் இருப்பவை பெரும்பாலும் கோண்ட்வானா காலத்துக் களிப்பாறையும் மணற்பாறையும். இங்கே மண்ணும் சேறும் படிந்து கல்லாக இறுகியது, டைனோசர்கள் நடமாடிய காலத்தில். களிப்பாறையைத் தட்டிப் பிளந்தால் சில இடங்களில் இலைத் தடங்கள் கிடைக்கும். சார்னோகைட்டோடு ஒப்பிட்டால் இது நேற்றுப் பிறந்த கல், மென்மையானதும்கூட. இரண்டு இனத்துக்கும் இடையிலுள்ள எல்லை மேலே எந்தச் சாலையிலும் கோடு போட்டுக் காட்டப்படவில்லை. ஒரு தூணுக்கும் அடுத்த தூணுக்கும் இடையில் பாறையின் ஆழமும் தரமும் மாறிவிடலாம். அதனால்தான் இத்தனை துளைகள்.

துளை போடும் விதத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். மண் இருக்கும்வரை வேலை சுலபம். 63.5 கிலோ எடையுள்ள சுத்தியலை 75 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழவிட்டு, குழாய் 30 சென்டிமீட்டர் இறங்க எத்தனை அடி என்று எண்ணுவார்கள். ஐம்பது, நூறு என்று அடித்தும் குழாய் இறங்க மறுத்தால், பாறையோ பாறையாக மாறும் தறுவாயில் உள்ள எதுவோ வந்துவிட்டது என்று அர்த்தம். அப்போது சுத்தியலைக் கழற்றிவிட்டு, நுனியில் வைரத்தூள் பதித்த வளையம் பொருத்திய குழாயை மாட்டிச் சுழற்றுவார்கள். வளையம் பாறையை வட்டமாக அறுத்துக்கொண்டு இறங்கும். நடுவில் மிஞ்சும் கல் உருளை குழாய்க்குள் ஏறும். நல்ல குழாய் என்றால் இரட்டைக் குழாய். வெளிக்குழாய் சுழலும், உள்குழாய் அசையாமல் கல்லை ஏந்திக்கொள்ளும். ஒற்றைக் குழாயில் சுழலும் இரும்பே கல்லை உரசி உடைத்துவிடும். வெட்டுத்தூளை வெளியேற்றவும் வைரம் சூடாகாமல் இருக்கவும் தண்ணீர் உள்ளே போய்க்கொண்டே இருக்கும். அந்தத் தண்ணீர் துளையின் விளிம்பு வழியாகத் திரும்பி வரவேண்டும். திடீரென்று திரும்பாமல் போனால், கீழே அதை விழுங்கும் வாய் ஒன்று திறந்திருக்கிறது என்று டிரில்லர் நோட்டில் குறித்துவைப்பார், குறிக்கவேண்டும்.

ஒரு தடவை இறக்கி ஏற்றுவதை ‘ரன்’ என்கிறார்கள். பெரும்பாலும் 1.5 மீட்டர். ஒரு ரன்னில் வந்த துண்டுகளின் நீளம் 38, 27, 16, 12, 9, 8, 7, 6 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 123. துளைத்ததோ 150. அப்படியானால் கிடைத்தது நூற்றுக்கு 82. இதற்கு ‘கோர் ரெக்கவரி’ என்று பெயர்.

1960-கள் வரை பலரும் பெரும்பாலும் இந்த ரெக்கவரியையே பார்த்தார்கள். இதில் ஒரு பெரிய ஓட்டை உண்டு. 95 சதவீதம் கிடைத்துவிட்டது என்று மகிழ்ந்து பெட்டியைத் திறந்தால் உள்ளே முழுக்கச் சில்லுகளாக இருக்கலாம். அமெரிக்காவின் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் இருந்த டான் டீர் அந்தப் பத்தாண்டின் முற்பாதியில் ஒரு சின்ன மாற்றம் செய்தார். 4 அங்குலத்துக்கு, அதாவது 10 சென்டிமீட்டருக்குக் குறைந்த துண்டு எதையும் கூட்டலில் சேர்க்காதே என்றார். அவ்வளவுதான். நம் உதாரணத்தில் 38, 27, 16, 12 மட்டும் தேறும். கூட்டினால் 93, அதை 150-ஆல் வகுத்தால் 62 சதவீதம். இந்த எண்தான் ‘ராக் குவாலிட்டி டெசிக்னேஷன்’, சுருக்கமாக ஆர்.க்யூ.டி. அவர் போட்ட பட்டியலில் 25-க்குக் கீழே மிக மோசம், 50 வரை மோசம், 75 வரை சுமார், 90 வரை நல்லது, அதற்கு மேல் மிக நல்லது. நம் ரன் ‘சுமார்’ வகுப்பில் தேறியிருக்கிறது.

இந்தியத் தர நிர்ணய அமைவனம் இதை ஐ.எஸ். 11315-ன் 11-ஆம் பகுதியாக 1980-களிலேயே எழுதிவைத்துவிட்டது. ஆனால் விதியைப் படித்தால் மட்டும் போதாது, எந்த உடைவு கடவுள் செய்தது, எந்த உடைவு டிரில்லர் செய்தது என்று பிரித்தறியக் கண் வேண்டும். குழாயிலிருந்து கல்லை வெளியே எடுக்கச் சுத்தியலால் தட்டுவார்கள், தட்டும்போது உடையும். பெட்டியின் நீளத்துக்குப் பொருந்தாத துண்டை வேண்டுமென்றே உடைப்பதும் உண்டு. இந்த உடைவுகளைப் பொருட்படுத்தாமல், ஒட்டியிருந்ததாகவே வைத்து அளக்கவேண்டும். இரண்டு துண்டையும் எடுத்துப் பொருத்திப் பாருங்கள். புது உடைவு என்றால் முகம் சொரசொரப்பாக, பளிச்சென்று இருக்கும். சார்னோகைட்டில் எண்ணெய் தடவினாற்போன்ற கரும்பச்சை மினுமினுப்பு தெரியும். விளிம்புகள் மயிரிழை பிசகாமல் சேரும். பூமிக்கடியிலேயே இருந்த பழைய பிளவின் முகத்தில் துருவின் பழுப்பு படிந்திருக்கும், சில சமயம் விரல் நகத்தால் சுரண்டினால் வழுவழுவென்று களிமண் வரும். அந்தப் பழுப்பு, தண்ணீர் அந்த வழியே நெடுங்காலமாகப் போய்வந்ததற்கு அத்தாட்சி.

களிப்பாறையில் இன்னொரு சங்கடம். மேலே வரும்போது 40 சென்டிமீட்டர் நீளத்துக்கு முழுசாக வரும். வெயிலில் இரண்டு நாள் கிடந்தால் ஈரம் காய்ந்து, படிவு படிவாகப் பிரிந்து, வட்ட வட்டச் சில்லுகளாகக் குவிந்துவிடும். துளை போட்ட அன்றே அளந்தால் ‘நல்லது’. அடுத்த வாரம் ஆபீசிலிருந்து ஒருவர் வந்து நிதானமாக அளந்தால் ‘மிக மோசம்’. இரண்டும் அதே கல். எனவே களிப்பாறையை மேலே வந்த உடனே அளக்கவேண்டும், சோதனைக்கு அனுப்பவேண்டிய துண்டுகளைப் பிளாஸ்டிக்கில் சுற்றி மெழுகு பூசிக் காப்பாற்றவேண்டும். ஆனால் அந்தச் சில்லுகளைத் தூக்கியெறிந்துவிட்டு நல்ல எண்ணை மட்டும் எழுதுவதும் தவறு. காற்றும் தண்ணீரும் பட்டால் இந்தக் கல் குலையும் என்று அவை சொல்கின்றன. பைலுக்காகத் துளைத்த குழியை நாள்கணக்கில் தண்ணீரோடு போட்டுவைத்தால் அடியிலும் இதேதான் நடக்கும். துளைத்த கையோடு கான்கிரீட் ஊற்ற அவசரப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, 62 என்று ஓர் எண் கிடைத்துவிட்டது. துண்டின் நீளத்தை அளந்தால் பாறையின் வலு எப்படித் தெரியும்?

பாறை பெரும்பாலும் கல்லால் தோற்பதில்லை, பிளவால் தோற்கிறது. பெட்டியிலிருந்து பழுதில்லாத ஒரு துண்டை எடுத்துச் சோதனைக்கூடத்தில் நசுக்கிப் பார்த்தால், நல்ல சார்னோகைட் 100 மெகாபாஸ்கலைத் தாண்டியும் நிற்கும். அதாவது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒரு டன்னுக்கு மேல். மெட்ரோ தூணின் கான்கிரீட்டால் அந்த அளவைத் தொடமுடியாது. ஆனால் சோதனைக்குப் போனது உடையாமல் பிழைத்த துண்டு, வகுப்பில் முதல் மாணவன். தூணைத் தாங்கப்போவது மொத்த வகுப்பும்.

அமுங்குவதை எடுத்துக்கொண்டால் இந்த வித்தியாசம் இன்னும் கூடுதல். அப்பளம் ஒன்றைத் தரையில் வைத்துக் கையால் அழுத்தினால் அதன் கனம் குறையாது. நூறு அப்பளம் அடுக்கிய கட்டை அழுத்தினால் கட்டு கண்ணெதிரே அமுங்கும். அப்பளம் எதுவும் மெலிந்துவிடவில்லை, இடைவெளிகள்தான் மூடிக்கொண்டன. பாறையிலும் பாரம் ஏறும்போது முதலில் மூடுவது பிளவுகள். அவற்றில் களிமண் இருந்தால் அதுவும் பிதுங்கும். கல் அமுங்கத் தொடங்குவது அதற்கப்புறம்தான்.

எவ்வளவு அமுங்கும் என்பதற்கு 2004-ல் லியான்யாங் ஜாங், ஹெர்பர்ட் ஐன்ஸ்டீன் என்ற இரு ஆய்வாளர்கள் உலகின் பல இடங்களில் நேரடியாக அளந்த முடிவுகளைச் சேர்த்து ஒரு வளைகோடு வரைந்தார்கள். பிளவுபட்ட பாறைத்திரளின் யங் குணகம், அதாவது விறைப்பின் அளவு, முழுக்கல்லின் குணகத்தில் எத்தனை பங்கு என்று அது சொல்லும். ஆர்.க்யூ.டி. 100 என்றால் கிட்டத்தட்ட பத்தில் ஒன்பது பங்கு. 75-க்கு இறங்கினால் பத்தில் மூன்று. 50 என்றால் பத்தில் ஒன்று. 25 என்றால் நூற்றில் மூன்றரை. எண் பாதியானால் விறைப்பும் பாதியாகும் என்று நினைத்தோமானால் ஏமாந்தோம்.

இதைக் கான்கிரீட்டோடு வைத்துப் பார்த்தால் உறைக்கும். எம்-35 ரகக் கான்கிரீட்டின் குணகம் சுமார் 30 கிகாபாஸ்கல். முழுக்கல்லின் குணகம் அதைப்போல் இரண்டு மடங்கு, 60 என்று வைத்தால், ஆர்.க்யூ.டி. 50 உள்ள இடத்தில் பாறைத்திரள் 6-க்கு வந்துவிடுகிறது. கான்கிரீட்டைவிட இருமடங்கு விறைப்பான கல்லால் ஆன பாறை, கான்கிரீட்டில் ஐந்தில் ஒரு பங்கு விறைப்போடு நிற்கிறது. வலிமை இந்த அளவுக்குச் சரிவதில்லை. ஜாங் பின்னர் 2010-ல் தந்த இன்னொரு சமன்பாட்டின்படி, அதே 50-ல் வலிமை ஐந்தில் ஒரு பங்காக நிற்கும். அமுங்குவதற்குப் பிளவு மூடினால் போதும். நொறுங்குவதற்கோ கல் உடையவேண்டும், அல்லது துண்டுகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கவேண்டும். பக்கத்துத் துண்டுகள் அவ்வளவு சுலபமாக வழிவிடுவதில்லை.

இந்தச் சமன்பாடுகளைத் தெய்வ வாக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது. அளந்த புள்ளிகள் வளைகோட்டின் இருபுறமும் தாராளமாகச் சிதறிக் கிடக்கின்றன. கீழ் எல்லை சராசரியில் ஐந்தில் ஒன்று, மேல் எல்லை அதன் 1.8 மடங்கு என்று அவர்களே குறித்திருக்கிறார்கள். இரண்டுக்கும் நடுவே ஒன்பது மடங்கு இடைவெளி. ஆனாலும் ஒரு டேப்பும் ஒரு பென்சிலும் தரும் தகவலுக்கு இது மோசமில்லை. நிஜமாக அளப்பதென்றால் பாறையைக் குடைந்து, இரும்புத் தகடு வைத்து, ஜாக்கியால் தள்ளி, எத்தனை மைக்ரான் நகர்கிறது என்று பார்க்கவேண்டும். அணைக்கட்டுகளில் அப்படிச் செய்கிறார்கள். ஒவ்வொரு தூணுக்கும் செய்தால் மெட்ரோ ஓடாது.

தூண் வடிவமைப்பவர் இந்த எண்ணை எப்படிப் பணமாக்குகிறார் என்பதற்கு நம் நாட்டு உதாரணமே இருக்கிறது. பாலங்களின் அடித்தளத்துக்கு இந்தியச் சாலைக் காங்கிரஸ் வைத்திருக்கும் ஐ.ஆர்.சி. 78 என்ற நெறிமுறையில், பாறைக்குள் இறங்கிய பைலின் அடி எவ்வளவு தாங்கும் என்று கணக்கிட ஒரு கெழு உண்டு. ரெக்கவரியையும் ஆர்.க்யூ.டி.யையும் கூட்டிப் பாதியாக்கு என்கிறது அது. விடை 30 என்றால் கெழு 0.3, 100 என்றால் 1.2, நடுவில் நேர்விகிதம். நம் ரன்னில் 82-உம் 62-உம் சேர்ந்து பாதி 72. கெழு 0.84. அந்த 12 சென்டிமீட்டர் துண்டு மட்டும் 9 சென்டிமீட்டரில் உடைந்திருந்தால் அது கூட்டலிலிருந்து முழுசாகக் கழன்றுபோய் ஆர்.க்யூ.டி. 54-க்கு வந்திருக்கும், கெழுவும் கூடவே சரிந்திருக்கும். சாலையோரத்தில் மழையில் நனைந்துகொண்டு டேப் பிடிக்கும் டிப்ளமோ பையனின் கவனம், பல டன் கணக்கில் வரவு செலவாகிறது. டிரில்லருக்கோ பெரும்பாலும் மீட்டர் கணக்கில்தான் கூலி. அவசரப்பட்டு அழுத்தித் துளைத்தால் மீட்டர் கூடும், கல் உடையும். இந்த விஷயத்தை எந்தச் சமன்பாட்டிலும் சேர்க்கவில்லை.

பத்து சென்டிமீட்டர் என்ற வரம்பே ஒரு வேடிக்கை. எல்லாத் துண்டும் 11 சென்டிமீட்டர் என்றால் ஆர்.க்யூ.டி. 100. எல்லாம் 9 என்றால் பூஜ்யம். இரண்டு பாறைக்கும் உண்மையில் பெரிய வித்தியாசமே கிடையாது. இயற்கை நல்லவேளையாக இப்படிச் சமமாக வெட்டுவதில்லை. 1976-ல் ஸ்டீபன் பிரீஸ்ட்டும் ஜான் ஹட்சனும், பிளவுகள் எந்த ஒழுங்கும் இல்லாமல் சிதறியிருந்தால் என்ன எண் வரும் என்று கணக்கிட்டார்கள். மீட்டருக்கு 10 பிளவு, அதாவது சராசரித் துண்டு சரியாக 10 சென்டிமீட்டர் என்று வையுங்கள். பாதி தேறும், பாதி தேறாது என்றுதான் மனம் சொல்லும். கணக்கு சொல்வது 74. சின்னத் துண்டுகள் எண்ணிக்கையில்தான் அதிகம், நீளத்தில் பெரும்பகுதி சில பெரிய துண்டுகளிடம் இருக்கிறது. மீட்டருக்கு 20 பிளவு ஆனாலும் 41 தேறும். டீரின் எண், உடைவு கூடும்போது திடுமென்று விழாமல் படிப்படியாக இறங்குவதற்கு இந்த ஒழுங்கின்மைதான் காரணம்.

திசை என்று ஒன்று இருக்கிறது. சாலையோர இயந்திரம் செங்குத்தாகத்தான் துளைக்கும். படுக்கைவாட்டுப் பிளவு எல்லாம் அதில் மாட்டும். செங்குத்தான பிளவு மாட்டாது. இரண்டு செங்குத்துப் பிளவுகளுக்கு நடுவே இறங்கும் துளையிலிருந்து முழங்கை நீளத் துண்டுகள் வரிசையாக வரும், ஆர்.க்யூ.டி. 95 என்று எழுதுவார்கள், அரை மீட்டர் தள்ளிப் பாறை மேலிருந்து கீழ்வரை பிளந்து கிடக்கும். 60 பாகை சரிந்த பிளவுகள் 20 சென்டிமீட்டருக்கு ஒன்றாக இருந்தால், செங்குத்துத் துளையில் அவை 40 சென்டிமீட்டருக்கு ஒன்றாகத் தோன்றும். இந்தப் பாரபட்சத்தை 1965-ல் கணக்கோடு விளக்கியவர் ரூத் தெர்சாகி. மண் இயக்கவியலின் தந்தை என்று போற்றப்படும் கார்ல் தெர்சாகியின் மனைவி, தன்னளவில் தேர்ந்த புவியியலாளர்.

ஆர்.க்யூ.டி. மட்டும் போதாது என்பதால், அதை ஒரு பாடமாக மட்டும் வைத்து மற்றப் பாடங்களையும் சேர்த்து மதிப்பெண் போடும் முறை வந்தது. தென்னாப்பிரிக்காவில் பீனியாவ்ஸ்கி 1973-ல் கொண்டுவந்த ஆர்.எம்.ஆர். அதில் பேர்போனது. அதன் 1989-ஆம் ஆண்டு வடிவத்தில், நூற்றுக்குக் கல்லின் வலிமைக்கு 15, ஆர்.க்யூ.டி.க்கு 20, பிளவுகளின் இடைவெளிக்கு 20, பிளவு முகத்தின் நிலைக்கு 30, நிலத்தடி நீருக்கு 15. பிறகு பிளவின் திசை பாதகமாக இருந்தால் மதிப்பெண் குறைப்பார்கள். கல்லின் வலிமையைப்போல் இருமடங்கு மதிப்பெண் பிளவு முகத்துக்குப் போகிறது என்பதைக் கவனியுங்கள். நகத்தால் சுரண்டினோமே, அந்தக் களிமண் இங்கேதான் வேலை செய்கிறது.

பீனியாவ்ஸ்கி 1978-ல் இன்னும் ஒருபடி போனார். ஆர்.எம்.ஆர்.ஐ இரண்டால் பெருக்கி 100-ஐக் கழித்தால் பாறைத்திரளின் குணகம் கிகாபாஸ்கலில் கிடைக்கும் என்றார். 60 மதிப்பெண் வாங்கிய பாறைக்கு 20. அழகான, மனக்கணக்கில் அடங்கும் சூத்திரம். 50 வாங்கிய பாறைக்கு? பூஜ்யம்! கருங்கல் தண்ணீராகிவிடுகிறது. நல்ல பாறைகளை மட்டும் அளந்து வரைந்த கோடு என்பதால் அவரும் 50-க்கு மேல்தான் பயன்படுத்தச் சொன்னார். 1983-ல் போர்ச்சுகலைச் சேர்ந்த செராஃபிமும் பெரைராவும் கோட்டை வளைத்து இதைச் சரிசெய்தார்கள். அவர்கள் கணக்கில் 60-க்குச் சுமார் 18, 50-க்கு 10, 30-க்கு 3 சொச்சம்.

எவர்ட் ஹூக், 1990-களில் ஆர்.க்யூ.டி.யையே ஒதுக்கிவைத்தார். வெட்டிய பாறை முகத்தின் எதிரில் நின்று, துண்டுகள் எப்படிப் பூட்டிக்கொண்டிருக்கின்றன, பிளவு முகங்கள் எப்படி இருக்கின்றன என்று கண்ணால் பார்த்து மதிப்பெண் போடு என்பது அவருடைய ஜி.எஸ்.ஐ. முறை. சிக்கராயபுரம் குவாரிச் சுவர் மாதிரி ஒன்று எதிரில் இருந்தால் இது அருமையான வழி. பூந்தமல்லி சாலைக்கடியில் பல மீட்டர் மண்ணுக்குக் கீழே ஒளிந்திருக்கும் பாறைக்கு முகம் எங்கே? ஆளுக்கு ஆள் கண் வேறுபடுகிறது என்ற புகாரும் சேர்ந்துகொள்ள, 2013-ல் ஹூக்கும் அவருடைய சகாக்களும் ஜி.எஸ்.ஐ.யை எண்ணால் கணக்கிட ஒரு சூத்திரம் கொடுத்தார்கள். பிளவு நிலைக்கான மதிப்பெண்ணில் ஒன்றரை மடங்கு, அதோடு ஆர்.க்யூ.டி.யில் பாதி. வாசலில் துரத்திய எண் கொல்லைப்புறமாக வந்து உட்கார்ந்துகொண்டது.

எண் பெரிதாக இருந்தால் எல்லோருக்கும் சந்தோஷம் என்றும் சொல்லமுடியாது. சுரங்கம் குடைகிறவருக்கு ஆர்.க்யூ.டி. 100 உள்ள கருங்கல் ஒரு தலைவலி. இயந்திரத்தின் சக்கரங்கள் பாறையைச் செதுக்கித்தான் முன்னேறவேண்டும். ஆங்காங்கே பிளவு இருந்தால் சில்லுகள் சுலபமாகப் பெயரும், இல்லையென்றால் சக்கரம் தேயும், மீட்டர் நகராது. அதைவிடக் கொடுமை, முகத்தின் கீழ்ப்பாதி பாறையும் மேல்பாதி மணலுமாக அமைவது. சென்னையின் சுரங்க வழியில் இந்தக் கலப்பு நிலம்தான் பெரும் சோதனை.

பல்லாவரம் பக்கத்தில் வீட்டுக்கு ஆழ்துளைக் கிணறு போடுகிறவரின் கணக்கு இன்னும் நேர் எதிர். கருங்கல்லுக்குள் தண்ணீர் இருக்க இடமே கிடையாது, இருப்பதெல்லாம் பிளவுகளில்தான். ‘பாறை நல்லா இருக்கு’ என்று பைல் போடுகிறவர் நிம்மதிப் பெருமூச்சு விடும் அதே ஆழத்தில், பக்கத்து மனைக்காரர் வெறும் புழுதியைப் பார்த்துத் தலையில் கைவைப்பார். அவருடைய காற்றடி இயந்திரம் கல்லைத் தூளாக்கித்தான் மேலே ஊதும். பெட்டியில் அடுக்க எதுவும் மிஞ்சாது. இந்தப் புறநகரில் அப்படிப் போட்ட கிணறுகள் எத்தனையோ. அவை எல்லாம் பாறையைத் துளைத்துப்போனவை, ஆனால் பாறையைப் பற்றி ஒன்றையும் எழுதிவைக்காதவை.

அடுக்குமாடி வாங்குகிறவர்கள் கட்டுமானக்காரரிடம் மண் பரிசோதனை அறிக்கையைக் கேட்டுப் பார்க்கலாம். பாறை வரை துளைத்திருந்தால் அதில் ரெக்கவரி, ஆர்.க்யூ.டி. என்று இரண்டு பத்தி இருக்கும். ஒரு துளையில் ரெக்கவரி 90, ஆர்.க்யூ.டி. பூஜ்யம். இன்னொன்றில் ரெக்கவரி 60, ஆர்.க்யூ.டி. 55. இரண்டாவதுதான் தேவலை என்று தோன்றும். ஐ.ஆர்.சி. கணக்கில் பாதியாக்கினாலும் 45-க்கு எதிராக 57.5 என்று அதுவே ஜெயிக்கிறது. ஆனால் அனுபவமுள்ள புவியியலாளருக்கு இரண்டாவதைப் பார்த்தால்தான் வயிற்றில் புளி கரையும். முதல் பாறை நொறுங்கியிருக்கிறது, ஆனால் கிட்டத்தட்ட முழுசாகப் பெட்டியில் இருக்கிறது. நொறுங்கியது என்று தெரிந்தே வடிவமைக்கலாம். இரண்டாவதில் வந்த கல் எல்லாம் முதல் தரம். வராதது 1.5 மீட்டரில் 60 சென்டிமீட்டர். அது பல இடங்களில் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்ததா, அல்லது ஒரே இடத்தில் இருந்த களிமண் பட்டை துளைக்கும் தண்ணீரோடு கரைந்து போய்விட்டதா? பட்டை என்றால் அதன் மேல் நிற்கும் பைல் அழுந்தும்போது முதல் தரக் கற்களால் ஒரு பயனும் இல்லை. டிரில்லரின் நோட்டில் அந்த ஆழத்தில் தண்ணீர் நிறம் மாறியதா, திரும்பாமல் நின்றதா, குழாய் சட்டென்று இறங்கியதா என்று தேடவேண்டும். நோட்டில் எதுவும் இல்லையென்றால் அரை மீட்டர் தள்ளி இன்னொரு துளை, இந்தத் தடவை ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று குழாய் அடுக்கிய அமைப்போடு, குறைந்த தண்ணீர் விட்டு, மெதுவாக.